என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தவர்

1

வண்டி ஓட்டும்போது பயணிகளோடு பேசுவீர்களா? ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம். நான் வாய் திறப்பதற்கு முன்பே என் மகளின் பேனா 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் போய் நின்றுகொண்டது. அந்தப் பேனா இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

உமா டெல்லியிலேயே பிறந்தவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். பஸ், லாரி, டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் எதனால் விபத்தில் மாட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய் அந்நிய ஆண்களைக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் டிரைவரிடம் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பப்பா, இப்ப நான் உங்க பொண்ணு இல்ல. காலேஜ்லருந்து வந்திருக்கேன். சீரியஸா பதில் சொல்லணும்."

"வாங்க மேடம். டீ சாப்புடுறீங்களா?"

"மஜாக் வேணாம் பப்பா."

சமையலறையிலிருந்து என் மனைவி செல்வி குரல் கொடுத்தாள். "பெத்த அப்பனையே நிக்கவெச்சி கேள்வி கேக்குது பாரு. இன்னா படிப்போ!"

எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள், குடிப்பீர்களா, ரத்தக் கொதிப்பு உண்டா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மூக்குக் கண்ணாடி பற்றிக் கேட்டாள்.

"முன்னல்லாம் வண்டியில போடுவேன். மொதலாளி வந்தா கழட்டி பாக்கெட்ல வெச்சிக்குவேன்."

"க்யூன்?"

"கண்ணாடி போட்டவன் கையில யாரும்மா பஸ்ஸ குடுப்பான்? கண்ணு தெரியாதவன்னு கணக்கு தீத்துடுவான்."

"அச்சா, இது நல்ல பாயிண்ட்" என்று குறித்துக்கொண்டாள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. சமையலறையில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றுபோனது.

"இது ஈஸி தானே பப்பா" என்றாள், பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தபடி. "எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரிந்தது என்ன என்று எனக்கும் தெரியும். என் மகளும் அந்த எல்லாரில் ஒருத்தி என்பதுதான் அன்றுவரை தெரியாது.

2

பேச்சுக் கொடுப்பது என்றால் என்னவென்று லாரி ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பட்டாளத்தில் சேர்வதற்கு முன் வேலூரில் லாரி ஓட்டினேன். பெங்களூர் ரோடு. அந்த ரோட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் தூங்கக் கூடாது. அவன் வேலை பேசுவது. அதுவும் கதை சொல்லக் கூடாது. கதை தாலாட்டு மாதிரி, கேட்கக் கேட்கக் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். 'ம்' என்று பதில் வருகிற பேச்சும் உதவாது. தூங்குகிறவன் வாயும் 'ம்' சொல்லும். சண்டை பிடிக்க வேண்டும். உன் நடிகன் பெரியவனா என் நடிகன் பெரியவனா என்று, உன் மாமனாரைப் போலக் கஞ்சன் உண்டா என்று, ஓட்டுகிறவனுக்குக் காது சிவக்கச் சிவக்க வம்புக்கு இழுக்க வேண்டும். கோபப்பட்ட கண் மூடாது. பொழுது விடிந்து சரக்கை இறக்கியதும் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள்.

பேச்சு அந்த ரோட்டில் பிரேக், ஹெட்லைட் மாதிரி வண்டியின் ஒரு பாகம். அது எதிராளியின் வாயில் பொருத்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

டெல்லியில் எனக்கு அந்தப் பாகமாக வந்து அமைந்தவர் சிவசு சார்.

3

தொண்ணூறுகளின் டெல்லியில் சார்ட்டர்ட் பஸ் என்று ஒன்று ஓடிற்று. அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மாதச் சந்தா கட்டி, காலையில் போய் மாலையில் திரும்புகிற தனியார் பஸ். எங்கள் பஸ் மயூர் விஹாரில் கிளம்பி, நிஜாமுதீன் பாலத்தில் யமுனையைக் கடந்து, மத்தியச் செயலகத்தில் போய் நிற்கும். அவரவருக்கு அவரவர் சீட். பின்னால் சீட்டாட்டம். நடுவில் பெண்கள் மடியில் செய்தித்தாளை விரித்துப் பச்சைப் பட்டாணி உரிப்பார்கள். பாலம் தாண்டுவதற்குள் அரைக் கிலோ உரிந்துவிடும். யாருக்காவது பதவி உயர்வு என்றால் எனக்கும் ஒரு லட்டு வரும்.

பட்டாளத்திலிருந்து வெளியே வந்து ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கியவன் நான். பட்டாளத்து ஹிந்தியில் ஆணைக்குச் சொல் உண்டு, பதிலுக்குச் சொல் உண்டு, விளக்கத்துக்குச் சொல் கிடையாது. எனவே அந்தப் பஸ்ஸில் என்னோடு தமிழ் பேச ஒருவர் கிடைத்தது, வெயிலில் நிற்கிறவனுக்கு ஒரு கை நிழல் கிடைத்த மாதிரி.

சிவசு சார் திருநெல்வேலிக்காரர். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் செகரெட்டரி. ஜன்னலோரச் சீட் அவர் பெயரில் இருந்தும் அதில் உட்கார மாட்டார். எனக்கு இடது பக்கம், என்ஜின் பெட்டிமேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு, என் பக்கமாகத் திரும்பி உட்காருவார். குளிருக்கு அந்தச் சூடு இதம் என்பார். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவருக்கு 'வேலூரு'.

"என்னவே வேலூரு, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு? ராத்திரி என்ன வேலை பாத்தீரு?"

"கல்யாண டியூட்டி சார். மாப்ள ஊட்டுக்காரங்கள எறக்கிட்டு வரசொல்ல விடிஞ்சி பூட்டுது."

"அப்ப நம்ம கச்சேரிய ஆரம்பிச்சிர வேண்டியதுதான். சொல்லும், உங்க வேலூர்ல என்னதான்வே இருக்கு? தண்ணியில்லாத ஆறு. ராசா இல்லாத கோட்டை. மரமில்லாத மலை. ஒரு ஊருன்னா என்னமாது ஒண்ணு இருக்கணும்லா?"

"உங்க ஊர்ல மட்டும் இன்னா சார் கீது? அல்வா. அதுவும் வாயில வெச்சா நிக்கமாட்டேங்குது, வழுக்கிகினு பூடுது."

"ஏய், அல்வாவப் பத்திப் பேசுனா கொலை விழும்வே!"

எனக்குக் கோபம் வரும். கண் திறந்துகொள்ளும். நான் சொல்லாமலே அந்த மனுஷருக்கு லாரி ரோட்டின் சட்டம் தெரிந்திருந்தது. அவர் தாமிரபரணிக் கரையில் பிறந்தாலும் போன பிறவியில் என்னோடு பெங்களூர் ரோட்டில் வந்திருக்க வேண்டும் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி நம்பினேன்.

ஏன் தூக்கமில்லை என்று கேட்பீர்கள். டெல்லியில் கல்யாணங்கள் குளிர்காலத்தில்தான் கொத்துக் கொத்தாக வரும். விடியலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ஆபீஸ், சாயங்காலம் திரும்பும் டிரிப், அதன் பிறகு கல்யாணம். பஸ் ஒன்று. டிரைவர் ஒருவன். பஸ்ஸுக்கு டீசல் தீர்ந்தால் மாலிக் ஊற்றுவார். மாலிக் என்றால் முதலாளி. எனக்குத் தீர்ந்ததை யார் ஊற்றுவது? பகலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ராஜ்பத் சாலையோரப் புல்தரையில் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு படுப்பேன். சுற்றிலும் என்னைப் போலவே வரிசையாக டிரைவர்கள். தேசத்தை ஆளுகிற கட்டிடங்களுக்கு நேர் எதிரே தேசத்தின் தூக்கம் மல்லாந்து கிடக்கும்.

4

அந்த ஜனவரியில் சிவசு சார் ஒரு ஏற்பாடு செய்தார். பஸ்ஸில் வருகிற குடும்பங்களை ஹரித்வாருக்கு அழைத்துப்போய், கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுத் திரும்புவது. சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரிக்குள் வந்துவிடலாம் என்றார். எங்கள் பஸ்ஸுக்கு டெல்லியைத் தாண்டிப் போகப் பர்மிட் கிடையாது. மாலிக்கிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவரும் சிவசு சார்தான்.

"சார், வேற டிரைவர் யார்னா பாருங்க. வாரம் பூரா கல்யாணம். ஒடம்பு தாங்காது" என்றேன்.

"வேற எவன்ட்டவே நம்பி பொம்பளை பிள்ளைகள ஏத்தி விடுவேன்? நீரு ஓட்டும். நான் பக்கத்துலயே இருந்து பேசிட்டு வாரேன். ஒரு கண்ணு மூட விடமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போகும் வழியெல்லாம் பேசினார். திரும்பும்போது வழியில் கரும்பு டிராக்டர்கள் அடைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் போய்விட்டது. பஸ்ஸுக்குள் எல்லாரும் கம்பளிக்குள் தூங்க, அவர் ஒருவர் தொண்டை கட்டிய பிறகும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். மயூர் விஹாருக்கு வந்தபோது திங்கட்கிழமை வெளுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் டிரிப்புக்கு நேரம் கிட்டத்தில் இருந்தது.

சாவியை அவர் கையில் வைத்தேன். "இன்னிக்கி என்னால ஆவாது சார். மாலிக்குக்கு போன் போட்டு ஆள அனுப்பச் சொல்லுங்க. கண்ணு எரியுது. ரோடு ரெண்டாத் தெரியுது."

பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, மாலிக்கிடம் அனுப்ப ஆள் இல்லையாம் என்றார். "இன்னைக்குப் பாத்தாவே இப்படிச் சொல்லுதீரு? லேட்டாப் போனா அத்தனை பேருக்கும் அரை நாள் லீவு போயிரும். எனக்குப் பார்லிமெண்ட் கேள்விக்குப் பதில் அனுப்பணும். ஒரே ஒரு டிரிப்பு. பாலம் தாண்டுனா ஆபீஸு. அப்புறம் புல்தரையில விழுந்து கிடயும், உம்ம யாரு எழுப்புதா?" சாவியைத் திரும்ப என் கையில் வைத்து மூடினார். "நான் இருக்கேன்லா."

நான் இருக்கேன்லா. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை அதுதான். அதை நம்பி ஏறி உட்கார்ந்தேன்.

டெல்லிப் பனி மேலிருந்து விழுவதில்லை. கீழிருந்து எழுந்து நிற்கும். ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போனது. சிவசு சார் அல்வாவில் ஆரம்பித்து வேலூர் ஜெயிலுக்கு வந்திருந்தார். பாலம் ஏறும் இடத்தில் அச்சு முறிந்து ஒரு காய்கறி வண்டி நின்றிருக்கிறது. விளக்கு கிடையாது. வண்டியை இழுத்துவந்தவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பனியிலிருந்து முதலில் முட்டைக்கோசுகள்தான் வெளியே வந்தன. அதன் பிறகு அவன் முதுகு. நான் தூங்கவில்லை. பிரேக்கில் கால் போயிற்று. தூங்காத காலுக்கும் தூங்கின காலுக்கும் நடுவில் ஒரு கால் உண்டு. அது போய்ச் சேரும்போது தாமதமாகிவிட்டது.

அவன் பெயர் ராம்கிலாவன். பீகார்க்காரன். உயிர் பிழைத்தான். வலது கால் பிழைக்கவில்லை. என் தரப்பை எத்தனை தரம் எப்படி எழுதினாலும் அந்தக் கால் அவனுக்குத் திரும்ப முளைக்காது என்பதையும் இதே குறிப்பில் எழுதி வைக்கிறேன்.

5

போலீஸ் ஸ்டேஷனில் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் நாக்கு மரத்துப் போயிருந்தது. தெரிந்த ஹிந்தியும் வரவில்லை.

"நீரு ஒண்ணும் பேசாதயும். நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் சிவசு சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் இல்லாத விளக்கத்துக்கான சொற்களெல்லாம் அவரிடம் இருந்தன. அரசாங்கத்துக் கோப்புகளில் தோய்ந்த, சலவை செய்த ஹிந்தி.

நான் அவரிடம் தமிழில் சொன்னேன்: ஹரித்வார் போய்வந்ததைச் சொல்லுங்க சார், சாவிய உங்க கையில குடுத்தேனே அத சொல்லுங்க, மாலிக் ஆள் அனுப்பலன்னு சொல்லுங்க.

அவர் தலையாட்டினார். சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். பேசத் தெரியாதவன் கேட்கத் தெரியாதவன் அல்ல. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது: டிரைவர் பேசிக்கொண்டே ஓட்டினார். எப்போதுமே பேசிக்கொண்டுதான் ஓட்டுவார். பயணிகள் பலமுறை எச்சரித்திருக்கிறோம். நானே என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து ரோட்டைப் பார் என்று சொல்லிக்கொண்டு வருவது வழக்கம்.

அவ்வளவுதான். ஹரித்வார் இல்லை. சாவி இல்லை. கங்கை அந்த வருஷம் எங்கள் பக்கம் ஓடவே இல்லை.

பட்டாணி உரிக்கிற அம்மாள் பின்னால் நின்றிருந்தார். சீட்டாடுகிற இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் தலைமுடியில் ஹரித்வாரின் ஈரம் காய்ந்திருக்காது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பர்மிட் இல்லாத பஸ்ஸில் ஆள் சேர்த்துக்கொண்டு போனது தெரிந்தால் சிவசு சாரின் வேலைக்கு ஆபத்து என்று பிற்பாடு யோசித்துப் புரிந்துகொண்டேன். புரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. புரிந்துகொண்டால் வலிக்காது என்று யாரோ தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு என் பெஞ்சுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தமிழில் கேட்டார்:

"சாப்பிட்டீராவே?"

"ஆச்சு சார்" என்றேன்.

6

லைசென்ஸ் கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. மாலிக் அன்றைக்கே வேறு ஆள் போட்டுவிட்டார். காலையில் அனுப்ப ஆள் இல்லை என்று சொன்னவருக்குச் சாயங்காலம் ஆள் கிடைத்த அதிசயத்தை என்ன சொல்ல? இங்கே கோர்ட்டில் வாய்தாவுக்கு 'தாரீக்' என்பார்கள். ஒரு தாரீக்குக்குப் போனால் இன்னொரு தாரீக் தருவார்கள். நான் அந்த வராந்தாவில் சாய்ந்த தூணில் என் முதுகின் அழுக்கு படிந்து ஒரு மனித வடிவமே வந்திருக்கும். வருஷங்கள் அப்படிப் போயின. செல்வி தமிழ்க் குடும்பங்களில் இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள்.

ராம்கிலாவன் ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினான். டிரைவர் பேசிக்கொண்டிருந்தாரா என்று கேட்டார்கள். "பனி, ஸாப். வெள்ளையா இருந்துச்சு. வேற ஒண்ணும் தெரியாது" என்றான். தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் விட்டுவிட்டு இறங்கிப்போனான். அடுத்து ஏறிய சிவசு சார், ஸ்டேஷனில் சொன்னதையே இன்னும் கொஞ்சம் மடிப்புக் கலையாமல் சொன்னார். எனக்குச் சில மாதத் தண்டனை விதித்து, பட்டாளத்தில் இருந்ததை எண்ணி ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நான் எதிர்பார்த்து நின்ற தீர்ப்பு நீதிபதி சொல்லக்கூடியது அல்ல. "அவன் தூங்கக் கேட்டான், நான்தான் பேச்சைக் கொடுத்தேன்." இந்த ஒரு வரிதான். அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஒரு தைப்பூசத்தன்று ஆர்.கே.புரம் மலை மந்திரில் படியேறும்போது எதிரே இறங்கி வந்தார். நெற்றி நிறைய விபூதி.

"சார், கோர்ட்டுல சொல்லாட்டி பரவால்ல. நம்ம ஜனங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? தமிழ்ச் சங்கத்துல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க."

"முருகன் சன்னதியில வச்சுப் பழசக் கிண்டாதயும்வே. பிள்ளை எப்படி இருக்கா?"

பிள்ளை எப்படி இருந்தாள்? ஞாயிறுதோறும் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இனிமேல் போக மாட்டேன் என்று அழுதாள். என்ன காரணம் என்று எங்களிடம் சொல்லவில்லை. 'உங்கப்பா பேசிப் பேசியே காலை உடைச்சவருதானே' என்று யாரோ ஒரு பிள்ளை கேட்டதாக வேறொருவர் மூலம் செல்விக்குத் தெரிந்தது. உமாவுக்குத் தமிழ் எழுத வராமல் போனது டெல்லியால் அல்ல. நான் பேசியதாகச் சொல்லப்பட்ட பேச்சால்.

அவளிடம் நான் நடந்ததைச் சொன்னதில்லை. குழந்தையிடம் என்னவென்று சொல்வது? அவள் வளர்ந்த பிறகு, கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் கேட்கவில்லை. அவளுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே.

7

கேள்வித்தாள் வந்த வாரத்தின் நடுவில் ஸ்டாண்டுக்கு ஒரு போன். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தபின் இப்போது நான் ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறேன்.

"வேலூரா? குரல் அப்படியே இருக்குவே. நான் ரிட்டயர் ஆயிட்டேன். பிளாட்ட வித்தாச்சு. வீட்டுக்காரி முன்னாடியே ஊருக்குப் போயிட்டா. நாளைக்கு எனக்கு நிஜாமுதீன்ல ரயிலு. நீருதான் கொண்டுவிடணும். இந்த ஊருல எனக்கு வேற யாரு இருக்கா?"

வேண்டாமென்று செல்வி சொன்னாள். "போவாத. வேற வண்டிய அனுப்பு. அந்தாளு மூஞ்சில நீ இன்னாத்துக்கு முழிக்கணும்?"

போனேன். ஏனென்றால் அவர் திருநெல்வேலிக்குப் போய்விட்டால் அந்த ஒரு வரியும் அவரோடு ரயிலேறிவிடும். கடைசி நாளில் மனிதர்கள் கடனைத் தீர்ப்பார்கள் என்று எனக்கொரு மூட நம்பிக்கை. உமாவிடம், காலேஜுக்கு வழியில் இறக்கிவிடுகிறேன், ஒரு சவாரியை மட்டும் ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லி முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். அந்த வரி வெளியே வரும்போது அவள் காது அங்கே இருக்க வேண்டும்.

சிவசு சார் மெலிந்துபோயிருந்தார். பெட்டிகளை ஏற்றினேன். பழக்க தோஷத்தில் முன்கதவுக்கு வந்தார்.

"முன்னாடி எனக்கு எடமில்லையா வேலூரு?"

"பாப்பா உக்காந்திருக்கா சார்."

பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் பேச்சும் நகர்ந்தது. பிளாட் வாங்கியவன் அடித்த பேரம். ரயிலில் கீழ் பெர்த் கிடைக்காதது. மெட்ரோவுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருப்பது. புதுச் செயலாளரின் அகம்பாவம். பேசப் பேச அவர் குரலில் பழைய சூடு ஏறிற்று. "என்னவே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீரு? வேலூர்ல இப்பமாவது ஆத்துல தண்ணி வருதா?" என்றார். நான் 'ம்' கூடச் சொல்லவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கண் ரோட்டில்.

பாலம் ஏறும் இடம் வந்தது. வண்டியை மெதுவாக்கினேன். இப்போது பனி இல்லை, நல்ல வெயில். பின்னால் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருமினார். நான் கியரை இன்னும் ஒன்று குறைத்தேன். சொல்லிவிடுங்கள் சார். ஒரு வரி.

முன்னால் குனிந்து உமாவின் தோளைத் தட்டினார்.

"உங்கப்பாவ மாதிரி டிரைவர் இந்த டெல்லியிலயே கெடையாதும்மா. ஒரே ஒரு கொறதான். ஓட்டும்போது பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. அன்னைக்கு அதான் ஆயிப்போச்சு. நான் அப்பமே சொன்னேன், ரோட்டப் பாரும்வேன்னு. கேட்டாத்தான?"

மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. பாவம் இந்த டிரைவர் என்கிற வருத்தம். சொல்லிச் சொல்லி அந்தப் பொய் அவருக்குள் பழுத்து நினைவாகிவிட்டது. அந்த வரி அவரிடம் இப்போது இல்லை. இல்லாததைக் கேட்டு நான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். பொய்யென்று தெரிந்து அவர் சொல்லியிருந்தால் அந்த உண்மைக்கு இரண்டு பேர் சாட்சி இருந்திருப்போம். இப்போது நான் ஒருவன்தான்.

ஸ்டேஷனில் பெட்டிகளைக் கூலியின் தலையில் ஏற்றிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"சாப்பிட்டீராவே?"

"ஆச்சு சார்."

8

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. உமா முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பப்பா, ஒண்ணு கேக்கவா? வீட்லருந்து இங்க வரைக்கும் அந்த அங்கிள்தானே பேசினாரு? பூரா ராஸ்தா. நீங்க எங்க பேசினீங்க?"

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கும் இப்படியேவா?"

பார்க்கிங்காரன் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அவளிடம் சொன்னேன். ஹரித்வார், சாவி, மூடிய கை, பெஞ்சு. தமிழில் அவளுக்கு எட்டாத இடங்களை ஹிந்தியில் சொன்னேன். விளக்கத்துக்கான ஹிந்தி எனக்கு எப்போதோ வந்துசேர்ந்திருக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்து.

பையிலிருந்து அந்தக் கேள்வித்தாளை எடுத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை அவள் டிக் போட்டிருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அதைக் கோடு போட்டு அடித்தாள். மற்றக் கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

"'இல்ல'ன்னு போட்டாலும் தப்புதானே பப்பா? நீங்களும் பேசினீங்க, அங்கிளும் பேசினாரு, தூக்கம் வராம இருக்க. இதுக்குக் கட்டமே இல்லையே."

"இருக்காதும்மா."

"அப்ப காலி விடறேன்."

காலேஜுக்கு நேரமாகிவிட்டது, வீட்டுக்கே போகலாம் என்றாள். திரும்பப் பாலத்தின் மேல் வந்தபோது என் கண் எரிய ஆரம்பித்தது. முந்தின நாள் நன்றாகத் தூங்கியவன்தான் நான். இருந்தும் ரோடு இரண்டாகத் தெரிந்தது.

"பாப்பா, எதுனா பேசு" என்றேன்.

"என்ன பேச?"

"எதுனா. சண்ட போடு."

யோசித்தாள். வேலூரை அவள் ஒரே ஒரு தரம், கைக்குழந்தையாகப் பார்த்திருக்கிறாள்.

"உங்க வேலூர்ல அப்படி என்னதான் இருக்கு பப்பா? அந்த அங்கிளும் கேட்டாரே. தண்ணி இல்லையா?"

இத்தனை கேள்விகள் இருக்க, அவளுக்கும் அதே கேள்விதான் கிடைத்தது. அதைக் கேட்க உரிமையுள்ள ஒரே மனிதர் என்று நான் நினைத்திருந்தவர் கீழ் பெர்த்துக்காக யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார் இப்போது.

"தண்ணியில்லாத ஆறு" என்றேன். கோட்டையும் மலையும் பாக்கி இருந்தன.

அவள் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். பாலத்துக்குக் கீழே யமுனை, நுரையும் கறுப்புமாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது.